அப்பா தைத்த உமி மெத்தை

போன சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் இசை நிகழ்ச்சிக்குப் போய்வந்து, நமது வகுப்புக் குழுவில் படங்களைப் போட்டிருந்தீர்கள். ஒரு படத்தில் உள்ளரங்கின் கூரையிலிருந்து வெள்ளித் தாள்கள் கொட்டுகின்றன. கீழே நீங்கள் கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். கொழும்பிலேயே இருந்துகொண்டு ஏன் மச்சான் வரவில்லை என்று சிலர் கேட்டீர்கள். அப்பாவை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட வேண்டியிருந்தது என்றேன். அது பொய்யில்லை, ஆனால் முழுப் பதிலும் இல்லை. அதற்கு முந்தின நாள் முழுவதும் நான் அதே கட்டடத்துக்குள்தான் இருந்தேன். நீங்கள் ஆடிய தரையில் அப்பா குந்தியிருந்தார். அதைச் சொல்ல வேண்டுமென்றால், நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் செங்கலடிச் சந்தியிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் பாதையில் இருக்கிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் உங்களில் சிலர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டும் இருக்கிறீர்கள். அப்பா அரிசி மில்லில் நெல் அவிப்பவர். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவர். அம்மாவும் அப்படித்தான். அப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை ஒரு கொப்பறை நெல் குழைந்து போய்விட்டது. முதலாளி நெல்லைப் பார்த்துவிட்டு, ஈர நெல்லை ஏற்றியிருப்பார்கள் என்று லொறிக்காரரை ஏசத் தொடங்கினார். அப்பா இடையில் போய், நெல்லில் பிழையில்லை, நெருப்பை நான்தான் குறைக்காமல் விட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்காக அம்மா பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்பது அம்மாவின் கட்சி.

அக்கா அப்போது பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் கபடி அணியில் பாடிப் போகிறவள் அவள்தான். வாவிக்கரை மணலில்தான் பயிற்சி. பின்னேரங்களில் அவள் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு போகும் சத்தம் எங்கள் வீட்டு வளவுக்குக் கேட்கும். அந்த வருஷம் அவர்கள் மாகாணத்தில் வென்று, அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவானார்கள். போட்டி கொழும்பில், உள்ளரங்கில்.

வீட்டில் அதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. பதினோராம் வகுப்போடு அக்காவை நிறுத்திக் காமெண்ட்ஸில் உடுப்புத் தைக்கும் வேலைக்கு அனுப்புவது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அப்படித்தான் போனார்கள். மேலே படிக்க வைப்பது அப்பாவின் கணக்கில் வராத விஷயம். யாருக்கும் அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோல் சொன்னார். அக்காவுக்கோ மேல்வகுப்பில் சேர்ந்து ஏஎல் படிக்க வேண்டும், விளையாட்டு ஆசிரியையாக வேண்டும் என்று ஒரே எண்ணம். மாகாணத்தில் வென்ற வெள்ளித்தட்டை அவள் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்த அன்று, துணிந்து கேட்டுவிட்டாள். அப்பா தட்டைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார்.

“கொழும்பில வெண்டுட்டு வா. மறுகா படிக்கிறதப் பத்திக் கதைப்பம்” என்றார்.

அப்பா அதை ஒரு மறுப்பாகத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். கொழும்பில் எங்கள் பள்ளிக்கூடம் வெல்லும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். அக்கா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

விளையாட்டுச் சொல்லித்தரும் சேர் அப்போதுதான் புதிதாக வந்த இளம் ஆள். உள்ளரங்கில் மண் இல்லை, மெத்தையில்தான் கபடி என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எப்படிப்பட்ட மெத்தை என்று அவருக்கும் தெரியாது. ஊரில் அந்த உள்ளரங்குக்குள் போய்வந்த ஒரே ஆள் மில் முதலாளி. சேர் அவரிடம் போய் விசாரித்தார். முதலாளி உற்சாகமாக விவரித்தார். நல்ல தடிப்பான மெத்தை, பொடியன்கள் கரணம் அடித்து விழுந்தால் கால் புதையும், முழங்கால் வரைக்கும் போகும் என்றார். அவர் பார்த்தது உண்மை. ஆனால் அவர் போன அன்று அங்கே நடந்தது கரணம் அடிக்கிற போட்டி. ஒரே மண்டபத்தில் ஒரு நாள் கரணம், ஒரு நாள் கபடி, ஒரு நாள் பாட்டுக் கச்சேரி நடக்கும் என்பதும், ஒவ்வொன்றுக்கும் தரை மாறும் என்பதும் எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? எங்களுக்கு வட்டை என்றால் நெல்லுக்கு, வாவி என்றால் மீனுக்கு, கோயில் வீதி என்றால் திருவிழாவுக்கு.

அதுதான் உமி மெத்தையின் தொடக்கம். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த நேரம். மில்லுக்குப் பின்னால் உமி மலையாகக் கிடந்தது. சேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பழைய சணல் சாக்குகளில் உமியை அடைத்து, வாயைக் கட்டி, நெல் காயவைக்கும் சீமெந்துத் தளத்தில் வரிசையாகப் போட்டார். அப்பா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“சேர், இது மெத்த இல்ல. மூட்ட” என்றார்.

பிறகு யாரும் கேட்காமலேயே சாக்கூசியை எடுத்தார். சாக்குகளைப் பிரித்து நீளமாக இணைத்தார், உமியைப் பரப்பினார், அது ஒரு பக்கமாக ஓடாதபடி இடையிடையே சணல் கயிற்றால் குத்தித் தைத்தார். பின்னேரம் முழுவதும் அதே வேலை. மூலைகளை மடித்துத் தைத்த நேர்த்தியைப் பார்த்து முதலாளியே, நம்முடைய வீட்டுக்கும் ஒன்று தைத்துக் கொடு என்று பகிடி விட்டார். படிக்கப் போகக் கூடாது என்று சொன்ன அதே அப்பாதான். வேலை என்று ஒன்று கண்ணுக்கு முன்னால் அரைகுறையாகக் கிடந்தால் அவரால் தாங்க முடியாது.

அந்த மெத்தையின் மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவித்த நெல்லின் ஆவியும் சாக்கின் பழைய எண்ணெயும் கலந்த மணம். பிள்ளைகள் வெறுங்காலோடு அதில் ஓடினார்கள். சப்பாத்துப் போட்டால் உமி உள்ளே போய்விடும். கால் புதைந்ததால், சேற்று வயலில் நடப்பதுபோல் காலை உயர்த்தி உயர்த்தி வைக்கப் பழகினார்கள். சேர் அதைத்தான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். அக்கா வீட்டுக்கு வந்ததும் உமியின் சுணையில் காலெல்லாம் தடித்துப்போயிருக்கும். அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, இப்படிச் சொறிந்துகொண்டு கொழும்புக்குப் போனால் குரங்கு என்று நினைப்பார்கள் என்பாள்.

புறப்படும் நாள் நெருங்கியதும் இன்னொரு பிரச்சினை வந்தது. பொம்பிளைப் பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டேன் என்றார் அப்பா. ஒரு டீச்சரும் கூட வருகிறார் என்று சேர் சொல்லிப் பார்த்தார். டீச்சர் டீச்சர்தான், வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக நின்றார். அவருக்கு மில்லை விட்டு வர முடியாது. அம்மா சந்திக்கு அப்பால் பஸ் ஏறினால் மயங்கிவிடுவாள். மிஞ்சிய வீட்டு ஆள் நான்.

“தம்பி போறான். அவன் ஆம்பிளப் புள்ளதானே” என்றார் அப்பா. என்னைப் பார்த்து, “அக்காவ விட்டு அங்கால இங்கால கிறுகக் கூடா. விளங்கினதா?” என்று எச்சரித்தார்.

விளங்கியது. அந்தப் பொறுப்பின் கனத்தில் நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். பொலன்னறுவை தாண்டுவதற்கு முன்பே அக்காவின் பைக்குள் வாந்தி எடுத்துவிட்டேன். மிச்சப் பயணம் முழுவதும் காவல்காரனின் தலையை அக்காதான் மடியில் வைத்திருந்தாள். அணியில் இருந்த மற்றப் பிள்ளைகள் என்னை ‘எங்கட பொலிஸ்’ என்று கூப்பிட்டார்கள்.

உள்ளரங்குக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது, வானம் இல்லை என்பது. எங்கள் மில்லைப் பல மடங்கு பெருப்பித்து, ஒரு தூணும் இல்லாமல் கூரை போட்டதுபோல் இருந்தது. முந்தின நாள் அங்கே பாட்டுக் கச்சேரி நடந்திருக்கிறது. கறுப்பு உடுப்புப் போட்ட ஆட்கள் தடித்த வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தரையைக் கூட்டினார். அவர் கூட்டிய குப்பை பளபளத்தது. நகத்தளவு வெள்ளித் தாள்கள். அவர் கூட்டக் கூட்ட, கூரை இரும்புகளில் சிக்கியிருந்தவை ஒன்றிரண்டாக இன்னும் விழுந்துகொண்டிருந்தன.

பிறகு மெத்தையைக் கொண்டுவந்தார்கள். நீலமும் மஞ்சளுமாகச் சதுரத் துண்டுகள், ஓரமெல்லாம் பல் வைத்தவை. ஒன்றோடொன்று கோத்து விரித்தார்கள். மொத்தத் தடிப்பே என் நாலு விரல் சேர்த்த அளவு வராது. சேர் முழங்காலில் உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் இறங்கவில்லை. அவர் எழும்பாமல் அப்படியே இருந்தார். டீச்சர் போய், என்ன சேர் என்று கேட்டார்.

“அண்ணன் தச்ச மெத்த இல்ல இது, டீச்சர்” என்றார் சேர். அப்பாவை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

எதிர்ப் பக்கம் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சப்பாத்து. எங்கள் பிள்ளைகள் வலைப்பந்து அணியிடம் இரவல் வாங்கியவற்றைப் போட்டு, நுனியில் பஞ்சு அடைத்திருந்தார்கள். அக்கா முதல் தடவை பாடிக்கொண்டு போனாள். வாவிக்கரையில் அந்தச் சத்தம் தண்ணீர்மேல் போய்த் தொலைந்துவிடும். இங்கே கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. தன் சத்தமே தன்னை நோக்கி வருவதை அவள் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு பழகிய பழக்கத்தில் காலை உயர்த்தி வைத்தாள். உயர்ந்த காலை எதிர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, மரத்தில் தொங்கும் பழத்தைப் பறிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

திரும்பத் திரும்ப அதுதான் நடந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் எல்லோருமே கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்குள் நடப்பதுபோல் நடந்தார்கள். சேர் கோட்டுக்கு வெளியே நின்று, தான் சொல்லிக்கொடுத்ததற்கு நேர்மாறாகக் கத்தினார். “உயத்தாதங்க, உயத்தாதங்க.” இடைவேளைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அக்காவை விட்டுக் கிறுகக் கூடாது என்ற கட்டளை மறந்துபோய், கதிரைகளுக்குக் கீழே இறங்கி வெள்ளித் தாள்களைப் பொறுக்கத் தொடங்கினேன். காற்சட்டைப் பை நிறையப் பொறுக்கி நான் வெளியே வந்தபோது ஆட்டம் முடிந்து இரண்டு பக்கமும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தோற்றிருந்தோம். அக்கா அழவில்லை. சோற்றுப் பார்சலைப் பிரித்து, முட்டையை எனக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அக்கா நேரே கிணற்றடிக்குப் போய்விட்டாள். அப்பா என்னை அழைத்தார். வீட்டு ஆள் அல்லவா, அறிக்கை என்னிடம்தான். நான் கண்டதைச் சொன்னேன்.

“எப்பிடித் தோத்த?”

“அக்கா காலத் தூக்கினா. அவளுகள் புடிச்சிட்டாளுகள்.”

“என்னத்துக்குத் தூக்கின?”

“உமி மெத்தயில அப்பிடித்தானே அப்பா பழகின. அங்க மெத்தயில கால் புதையல்ல. றப்பர் செருப்பு மாதிரி இரிக்கி.”

அப்பா தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி, அடியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். சோறு ஆறியபின்தான் வந்தார். அக்கா குசினி வாசலில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். அப்பா அவளைப் பார்க்காமல் அம்மாவிடம்தான் பேசினார்.

“புள்ள தோக்கல்ல. நான்தான் பிழையாத் தச்சிட்டன். அவள் படிக்கட்டும்.”

அம்மா நம்பாமல், வென்றால்தான் படிப்பு என்றல்லவா சொன்னீர்கள் என்று கேட்டாள். சரியான மெத்தையில் பழகியிருந்தால் வென்றிருப்பாள், அதை என் கை கெடுத்தது, அதற்குப் பிள்ளையை எப்படித் தண்டிப்பது என்று கேட்டார் அப்பா. குழைந்த நெல்லுக்குச் சொன்ன அதே குரல். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மெத்தை மில்லுக்குப் பின்னாலேயே கிடந்தது. நாய்கள் படுத்தன. மாரி வந்தபோது, உமிக்குள் தப்பிக் கிடந்த பச்சை நெல் சாக்கின் கண்களுக்குள்ளால் முளைத்து, மெத்தை முழுக்கப் பச்சையாகிவிட்டது. அப்பா அந்தப் பக்கமே பார்க்க மாட்டார். நான் பொறுக்கி வந்த வெள்ளித் தாள்களை அம்மா காற்சட்டையோடு சேர்த்துத் தோய்த்துவிட்டாள்.

அக்கா ஏஎல் படித்தாள், பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள், விளையாட்டு டீச்சரானாள். அவள் திறந்த வழியால்தான் நான் உங்களோடு வந்து சேர்ந்தேன். நான் வந்தாறுமூலைக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். நான் கதிரைக்குக் கீழே இருந்த நேரத்துக் கதை அது. இடைவேளைக்குப் பிறகு அவளுக்குக் கால் பழகிவிட்டதாம். ஒருதடவைகூடத் தூக்கவில்லையாம்.

“அப்பவும் புடிச்சாளுகள்டா. எங்கள விட நல்லா விளையாடினாளுகள். அவ்வளவுதான்.”

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் இந்த நேரம் காமெண்ட்ஸ் பஸ்ஸில் இருந்திருப்பேன் என்றாள்.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். அக்காவின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த வருஷம் கொழும்புக்குத் தெரிவானார்கள். அணியில் ஒரு பிள்ளையின் தகப்பன், வீட்டு ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று நின்றிருக்கிறார். அக்கா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அப்பா குறுக்கிட்டு அந்தத் தகப்பனிடம், நான் போகிறேன், நான் போனால் உனக்குச் சம்மதமா என்று கேட்டு முடித்துவிட்டார். மில் வேலையை விட்டபிறகு அவருக்கு நேரம் இருக்கிறது. அக்கா எனக்குப் போன் எடுத்தாள். குரல் சரியில்லை.

“அப்பா வாறார்டா. அந்த மெத்தய ஒருக்காத் தொட்டுப் பாக்கணுமாம்.”

இத்தனை வருஷமாக அவர் தோளில் கிடந்த பிழை அது. அதை இறக்கி வைக்கவும் அவளால் முடியவில்லை, கிடக்கட்டும் என்று விடவும் முடியவில்லை. நீ பக்கத்தில் நில் என்றாள். அதனால்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மண்டபம் அப்படியேதான் இருந்தது. கதிரைகளின் நிறம் மட்டும் மாறியிருந்தது. அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெத்தையின் ஓரத்தில் குந்தினார். நெல்லின் பதம் பார்க்கிற அதே பெருவிரலால் அழுத்தினார். ஆட்டம் தொடங்கியது. அக்காவின் பிள்ளைகள் மணலில் பழகியவர்கள். இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மெத்தை இல்லை. முதலில் தடுமாறினார்கள். சப்பாத்து மெத்தையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி முகம் குப்புற விழுந்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் கால்கள் சரிக்கு வந்துவிட்டன. அப்பா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தைப் பிள்ளைகள் வென்றார்கள். அடுத்ததில் தோற்றார்கள்.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் உடுப்பு மாற்றப் போயிருந்தார்கள். மறுநாள் உங்கள் இசை நிகழ்ச்சிக்கு மேடை கட்ட ஆட்கள் வந்து, மெத்தையைத் துண்டு துண்டாகக் கழற்றத் தொடங்கினார்கள். அப்பா ஒரு துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையலே இல்ல” என்றார். பிறகு, “இந்தப் புள்ளைகள் மணலில பழகினதுதானே?” என்று அக்காவிடம் கேட்டார்.

“ஓம் அப்பா.”

“இடைவேளைக்குள்ள கால் பழகிட்டு.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“உனக்கும் பழகியிருக்குமே புள்ள?”

“ஓம் அப்பா. பழகின.”

“மறுகாவும் தோத்த?”

“ஓம்.”

அப்பா மெத்தைத் துண்டின் பற்களை விரலால் தடவிப் பார்த்தார். அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. மேடைக்காரர் ஒருவர் துண்டை வாங்கிப்போகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அப்பா அவரைக் கவனிக்கவில்லை. குனிந்து, அதைத் தரையில் இருந்த மற்றத் துண்டோடு பல் பொருந்த வைத்து, உள்ளங்கையால் தட்டி இறுக்கினார்.

“நல்ல காலம்” என்றார், “அண்டைக்கு நீ வாய் திறக்கல்ல.”

எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். மேடைக்காரர் எங்களை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, குனிந்து அந்தத் துண்டைத் திரும்பக் கழற்றினார்.